உலகம் சுற்றிய தந்தைக்கு நினைவு மலர்: பயணங்களை எழுதுவதா, வீட்டை எழுதுவதா?

மூத்தமகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தந்தை சில மாதங்களுக்கு முன் காலமானார். 1968இல் ஜூனியர் இன்ஜினியராகச் சரக்குக் கப்பலில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, சீஃப் இன்ஜினியராக 2001இல் ஓய்வுபெற்றவர். அவருக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகள் மூவரும் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தொனியில்தான் பேசினார்கள். எத்தனையோ நாடு பார்த்தவர், பார்க்காத துறைமுகம் இல்லை, அப்படியிருந்தும் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார் என்றார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவை ஒரே தாளில் சேர மறுக்கின்றன. என் தம்பி, அப்பா போன துறைமுகங்களுக்கெல்லாம் உலக வரைபடத்தில் புள்ளி வைத்து, கீழே ஆண்டுவாரியாக ஒரு பட்டியலும் எழுதியிருக்கிறான். அதைப் படித்தால் ஊர்கள் தெரிகின்றனவே தவிர அப்பா தெரியவில்லை. நான் எழுதிய பக்கங்களோ அன்பானவர், பொறுப்பானவர், பொறுமைசாலி என்று நீள்கின்றன. அவற்றில் பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்தத் தந்தைக்கும் பொருந்திவிடும்.

கையில் இருப்பவை இவைதான்: அவருடைய சி.டி.சி. புத்தகங்கள் (கடலோடியின் பணிப் பதிவேடுகள்), ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள், சில கேசட்டுகள், சிவந்துபோன வண்ணப் படங்கள். கடித உறைகள் பலவற்றில் அஞ்சல்தலை இருந்த மூலை சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அது தம்பியின் சிறு வயதுக் கத்தரிக்கோல் வேலை. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஓர் எண் எழுதியிருக்கிறார். அது எதைக் குறிக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. எனக்கு எழுதிய ஒரு கடிதத்தில், "இந்த ஆண்டு உன் பிறந்தநாள் எனக்கு வரவே இல்லை, ஆகவே முந்தைய நாளே வாழ்த்தைச் சொல்லி முடித்துவிட்டேன்" என்று இருக்கிறது. அவருடைய வழக்கமான வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொள்கிறோம்.

அம்மாவிடம் கேட்டால், "சொல்ல என்ன இருக்கிறது, போவார், வருவார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எங்கிருந்து தொடங்கி எழுதுவது? நினைவில் இருப்பவற்றை எப்படிச் சரிபார்ப்பது? தம்பியின் பட்டியல் இப்படித் தொடங்குகிறது: "1969இல் சூயஸ் கால்வாயைக் கடந்து ராட்டர்டாம் சேர்ந்தார், அதுவே அவருடைய முதல் ஐரோப்பியப் பயணம்." இதையே முதல் வரியாக வைக்கலாமா?

இயந்திரஅறை:

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல், அம்மா. நானும் கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், முதலில் அந்த முதல் வரியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அதை அப்படியே வைக்க முடியாது. 1967 ஜூன் மாதப் போரில் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் 1975 ஜூன் 5ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த எட்டு ஆண்டுகளும் கால்வாயின் நடுவிலுள்ள கிரேட் பிட்டர் ஏரியில் 14 சரக்குக் கப்பல்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக் கிடந்தன. 1969இல் ஆசியாவிலிருந்து ராட்டர்டாம் போன கப்பல் என்றால் அது ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அக்காலக் கப்பல்களின் வேகத்துக்கு அது பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். தந்தையார் சூயஸைப் பற்றிச் சொன்னதும் பொய்யாக இருக்காது; 1975க்குப் பிந்தைய ஏதோ ஒரு பயணத்தின் நினைவு, பிள்ளைகள் கேட்டுக் கேட்டு முதல் பயணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடலோடிகளின் வீடுகளில் இப்படி இரண்டு பயணங்கள் ஒன்றாகிப்போவது மிகச் சாதாரணம்.

சரிபார்ப்பதற்குத் தங்களிடம் உள்ளவற்றில் சி.டி.சி.யைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு கப்பலிலும் அவர் சைன் ஆன் செய்த (பணியில் சேர்ந்த) நாளும் இடமும், சைன் ஆஃப் செய்த (பணி முடித்து இறங்கிய) நாளும் இடமும், கப்பலின் பெயரும், அப்போது அவர் வகித்த பதவியும் அதில் முத்திரையோடு இருக்கும். முதலில் அந்தப் பக்கங்களிலிருந்து ஒரு காலவரிசை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதன் பக்கத்தில் வீட்டு நிகழ்ச்சிகளை எழுதுங்கள்: யார் எப்போது பிறந்தார்கள், யாருக்கு எப்போது உடல்நலம் கெட்டது, எந்த ஆண்டு வீடு மாறினீர்கள் என்பவற்றை. எந்த நிகழ்ச்சிக்கு அவர் வீட்டில் இருந்தார், எதற்கு இல்லை என்பது அப்போது தானாகத் தெரியும். நினைவில் "அப்பா இருந்தார்" என்று பதிந்துள்ள சில நாட்களில் அவர் இருந்திருக்கவே மாட்டார். அதற்காக வருந்த வேண்டாம், அதுவே எழுதத் தகுந்த செய்திதான்.

பிறந்தநாள் கடிதம் வேடிக்கைப் பேச்சு அன்று, நடந்த உண்மை. பசிபிக் பெருங்கடலில் பன்னாட்டுத் தேதிக்கோட்டை மேற்கு நோக்கிக் கடக்கும் கப்பலில் ஒரு தேதி முழுவதுமாக விடுபட்டுப் போகும். ஐந்தாம் தேதி இரவு படுத்தவர்கள் ஏழாம் தேதி காலையில் எழுந்திருப்பார்கள். அதாவது அமெரிக்கக் கரையிலிருந்து ஜப்பான் பக்கமாக அவர் போய்க்கொண்டிருந்தபோது, விடுபட்ட அந்த ஒரு தேதி தங்கள் பிறந்தநாளாக அமைந்துவிட்டது. எதிர்த்திசையில் வந்திருந்தால் அதே தேதி இரண்டு முறை வந்திருக்கும். இரண்டு வாழ்த்துக் கிடைத்திருக்கும். அந்தக் கடிதத்தின் ஆண்டையும் சி.டி.சி.யையும் ஒப்பிட்டால் எந்தக் கப்பலில் அது நடந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு துப்பும் சொல்கிறேன். அக்காலக் கப்பல்களின் இயந்திர அறையில் வாட்ச் முறை, அதாவது நேரம் பிரித்துக் காவல் பார்க்கும் முறை, பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வரை ஃபோர்த் இன்ஜினியர், பன்னிரண்டு முதல் நான்கு வரை தேர்டு, நான்கு முதல் எட்டு வரை செகண்ட் என்று பகலிலும் இரவிலும் பார்ப்பார்கள். "விடியற்காலை நான்கு மணிக்கு வாட்ச் முடிந்து வந்து எழுதுகிறேன்" என்று ஒரு கடிதம் இருந்தால், அவர் தேர்டு இன்ஜினியராக இருந்த காலத்துக் கடிதம் என்று ஊகிக்கலாம். நான்கு மணி நேரம் அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் நின்றுவிட்டு வருபவன் நேராகப் படுக்கத்தான் விரும்புவான். அந்த நேரத்தில் பேனாவை எடுத்தவர் என்பதற்கு மேல் "குடும்பப் பற்று மிக்கவர்" என்று தனியாக ஒரு வரி வேண்டியதில்லை.

வரைபடத்தில் புள்ளி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1960களின் பிற்பகுதியில் மூட்டையும் பெட்டியுமாகச் சரக்கு ஏற்றிய கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட நிற்கும். ஊருக்குள் போகலாம், கடைத்தெருவைப் பார்க்கலாம், நான்கு பேரோடு பழகலாம். 1956இல் அமெரிக்காவில் தொடங்கிய கன்டெய்னர் முறை எழுபதுகளில் உலகெங்கும் பரவிய பிறகு, அதே சரக்கு ஒரு நாளுக்குள் இறங்கி ஏறிவிடும். பொறியாளருக்கு அந்த ஒரு நாளும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதிலேயே கழியும். எனவே 1970இல் ஒரு புள்ளியும் 1995இல் ஒரு புள்ளியும் சமமல்ல. அவர் சொன்ன ஊர்க்கதைகள் எல்லாம் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சேர்ந்தவையாகவே இருந்தால் அதற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில் அவர் ஆர்வம் இழந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர்களை அவர் எழுதியபடியே வையுங்கள். கடிதத்தில் லெனின்கிராட் என்று இருந்தால் 1991க்குப் பிறகு அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பக்கத்தில் குறித்தால் போதும். அதே போல மொசாம்பிக்கின் லோரன்சோ மார்க்கிஷ் 1976இல் மபுட்டோ ஆனது.

பதிப்புக்கூடம்:

நான் பிறருடைய வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் வேலையில் இருப்பவன். மேலே ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் வேலை பாதி குறைந்துவிட்டது.

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்பதை முதல் பக்கத்தில் போடவும் வேண்டாம். வெளிநாட்டில் உழைத்தவர்களின் மலர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியோடுதான் திறக்கின்றன, படிப்பவர் கண் அதைத் தாண்டி ஓடிவிடும். தங்களுக்கு வராமல் போன அந்தப் பிறந்தநாளிலிருந்து தொடங்குங்கள். கப்பல் எங்கே இருந்தது, எந்தத் திசையில் போனது, தேதி ஏன் விடுபட்டது, அவர் என்ன எழுதினார், அதே நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். பயணமும் வீடும் ஒரே தாளில் சேரவில்லை என்றீர்களே, அந்தக் கடிதத்தில் இரண்டும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. அப்படிச் சேர்ந்திருக்கும் இடங்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த மலரை எழுதுபவரின் வேலை. துறைமுகமாக இருந்தாலும் சரி, வீட்டு விசேஷமாக இருந்தாலும் சரி, மற்றொன்றோடு தொடர்பில்லாமல் தனியே நிற்பது எதுவோ அது பின்னிணைப்புக்குப் போகட்டும். தம்பியின் வரைபடமும் அங்கே இருக்கட்டும், அதையும் சிலர் விரும்பிப் பார்ப்பார்கள்.

பண்புப் பெயர்களைக் குறைப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. "பொறுப்பானவர்" என்று எழுதிய இடத்தில், அந்த எண்ணம் தங்களுக்கு எதைப் பார்த்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது? எதைக் கழற்றினார், எதைப் பூட்டினார், எதை எழுதி வைத்தார்? கிடைக்கும் பதிலை மட்டும் எழுதிவிட்டு அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

இன்னொன்று, நாடுகளின் எண்ணிக்கையைத் தலைப்பிலோ முன்னுரையிலோ கொண்டுவராதீர்கள். எண்ணிக்கை வந்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் எத்தனை நாடு பார்த்தார் என்பதுதான் படிப்பவர் மனத்தில் எழும்.

கரையில்_இருப்பவள்:

சகோதரிக்கு வணக்கம். என் கணவரும் கப்பல் அதிகாரியாக இருந்தவர். தங்கள் அம்மாவின் வயதுக்குச் சற்று இளையவளாக இருப்பேன் என்று நினைக்கிறேன்.

வட்டத்துக்குள் உள்ள எண், கடிதத்தின் வரிசை எண். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். நாம் எழுதும் கடிதம் அடுத்த துறைமுகத்தில் உள்ள கப்பல் ஏஜென்ட்டின் முகவரிக்குப் போகும். கப்பல் அங்கே போகாமல் திசைமாறிவிட்டால், கடிதம் அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு துறைமுகத்துக்குப் போகும். எட்டாவது கடிதம் முதலில் வரும், ஆறாவது மூன்று வாரம் கழித்து வரும், ஏழாவது வராமலே போகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதிய கடிதம், காய்ச்சல் தணிந்துவிட்டது என்று எழுதிய கடிதத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் அங்கே இருப்பவர் என்ன பாடுபடுவார் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் எண் போட்டோம். அவருடைய கடிதங்களில் "உன் 11 கிடைத்தது, 10 இன்னும் வரவில்லை" என்பது போன்ற வரி எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். இருந்தால், அம்மா எழுதிய கடிதங்களும் எண்ணோடு இருந்தன என்று பொருள். அவை இப்போது எங்கே? சைன் ஆஃப் செய்து வரும்போது பலர் அவற்றைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவருடைய பெட்டிகளின் அடியில் பாருங்கள்.

அம்மா பேசவில்லை என்கிறீர்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள் என்பேன். "அப்பா எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் "நல்லவர்" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். "அவர் இல்லாத அந்த ஆண்டில் கிணறு வற்றியபோது என்ன செய்தீர்கள், பள்ளியில் யார் கையெழுத்துப் போட்டார்கள், வங்கிக்கு முதல்முறை தனியாகப் போனது எப்போது" என்று கேளுங்கள். தன்னைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை என்பதால்தான் பல அம்மாக்கள் பேசாமல் இருக்கிறார்கள். அவர் இல்லாத வீட்டைப் பற்றிப் பேச்சுத் தொடங்கினால், அந்த வீட்டில் அவர் எங்கெல்லாம் இருந்தார் என்பதும் கூடவே வரும். நம் அகப்பாடல்களில் பொருள்தேடிப் பிரிந்து போகிறவனின் நெஞ்சுக்கு மட்டுமா குரல் இருக்கிறது? காத்திருப்பவளுக்கும் தோழிக்கும்கூடக் குரல் இருக்கிறது. நினைவு மலர்களில் மட்டும் அது ஏனோ விடுபட்டுப்போகிறது.

தொலைபேசியைப் பற்றியும் கேளுங்கள். செயற்கைக்கோள் வழியாகக் கப்பலிலிருந்து பேசும் இன்மார்சாட் சேவை 1982இல்தான் தொடங்கியது, அதன் கட்டணமும் நினைத்தபோதெல்லாம் பேசும்படி இருக்கவில்லை. அதற்கு முன் ரேடியோ அதிகாரியின் தயவில், கரை நிலையம் வழியாக அலைவரிசையில் பேசுவோம். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்று சொன்னால்தான் மற்றவர் பேச முடியும். அதே அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் எல்லாக் கப்பல்களிலும் அந்தப் பேச்சுக் கேட்கும். கணவனிடம் பேசுவதைக் கடல் முழுக்கக் கேட்கிறது என்று தெரிந்தே, "எல்லோரும் நலம், ஓவர்" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறோம். பல செய்திகள் கடிதத்துக்கு மட்டுமே உரியவையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்று சொன்னால் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். திரும்பி வந்த முதல் வாரம் எந்த வீட்டிலும் இனிமையாக இருந்ததில்லை. கைக்குழந்தை அவரைக் கண்டால் அழும். வீட்டு ஒழுங்கு எல்லாம் அவர் இல்லாமலேயே அமைந்திருக்கும். அவர் வந்து ஒன்றை மாற்றினால் நமக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிறகு எல்லாம் ஒருவாறு படிந்து வரும் நேரத்தில் அடுத்த கப்பலுக்கான தந்தி வந்துவிடும். இதை எழுதாமல் விட்டால் மலரில் உள்ள பாசம் வெறும் அலங்காரமாகிவிடும்.

பதிப்புக்கூடம்:

அம்மையார் கடைசியில் சொன்னதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. மலர் பேரப்பிள்ளைகள் கைக்கும் போகும், உறவினர் வீடுகளுக்கும் போகும். வீட்டில் நடந்த மனக்கசப்பு எல்லாவற்றையும் அச்சில் ஏற்ற முடியாது. நான் பதிப்பிக்கும்போது வைத்துக்கொள்ளும் அளவு ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோது அவர் முன்னிலையிலேயே குடும்பம் சொல்லிச் சிரித்த சங்கடங்கள் தாராளமாக வரலாம். குழந்தை அவரைப் பார்த்து அழுதது அந்த வகையில் சேரும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வருத்தம் என்றால் அவரிடம் கேட்காமல் வரக்கூடாது.

கரையில்_இருப்பவள்:

அதை ஏற்கிறேன். ஆனால் அந்த அனுமதியைப் பிள்ளைகள் கொடுக்க முடியாது, அம்மாதான் கொடுக்க வேண்டும்.

பழையநாடா:

கேசட்டுகளைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிவு செய்து அனுப்பும் வழக்கம் கடலோடிகளிடையே இருந்தது. எனவே உறையில் சினிமாப் பாட்டின் பெயர் இருந்தாலும் இரண்டு பக்கத்தையும் முழுமையாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு முன், நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் திண்டு உள்ளே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டுகளில் அதன் பசை காய்ந்து விழுந்துவிடும், அப்படியே ஓட்டினால் ஒலி மங்கலாகத்தான் வரும். முதல்முறை ஓட்டும்போதே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த நாடா இரண்டாம் முறை ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.

படங்கள் சிவந்துபோனதற்குக் காரணம், அக்கால வண்ணத் தாளில் நீலப்பச்சைச் சாயம் மற்ற சாயங்களைவிட விரைவாக மங்கியதுதான். ஸ்கேன் செய்த பிறகு கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் திருத்தாத மூலப் பிரதியையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பசை ஒட்டிய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்புறம் எழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். பேனாவால் புதிதாக எதையும் படத்தின் முதுகில் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும்.

கத்தரிக்கோல் வேலையைப் பற்றி: தங்கள் தம்பியிடம் பழைய அஞ்சல்தலை ஆல்பம் இன்னும் இருக்கிறதா? வெட்டிய துண்டில் முத்திரையும் சேர்ந்து போயிருக்கும்; அதில் ஊரும் தேதியும் இருக்கும். எண் போட்ட கடிதங்களில் தேதி விடுபட்டிருந்தால் அந்தத் துண்டுகள்தான் துணை.

மூத்தமகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரமாக இதே வேலையாக இருந்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன்.

இயந்திரஅறை ஐயா சொன்னபடி காலவரிசை போட்டுப் பார்த்தோம். 1969 பயணத்துக்கான கடிதம் ஒன்று டர்பனிலிருந்து வந்திருக்கிறது, ஆகவே அது நன்னம்பிக்கை முனை வழிதான். சூயஸ் பயணம் 1976இல். தம்பி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுடைய ஆல்பத்தில் பதிந்திருந்த முத்திரையே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. பிறந்தநாள் கடிதம் யோகோஹாமாவில் அஞ்சல் செய்யப்பட்டது என்பதும் அந்த ஆல்பத்திலிருந்துதான் தெரிந்தது.

அம்மாவின் கடிதங்கள் கிடைத்தன. அப்பாவின் பழைய பாய்லர் சூட் (இயந்திர அறை வேலை உடை) ஒன்றில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் மூலையிலும் அது கைக்கு வந்த நாளையும் துறைமுகத்தையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். இயந்திரத்தின் எண்ணெய் அளவையும் வெப்பத்தையும் குறித்துப் பழகிய கையல்லவா! பன்னிரண்டாம் எண் கடிதத்தில், "இது 14க்குப் பிறகு வந்தது, படிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்திருந்ததால் பிழைத்தேன்" என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. என் தங்கைக்கு மூளைக்காய்ச்சல் வந்த மாதம் அது.

கரையில்_இருப்பவள் அம்மா சொன்னபடி, அப்பா இல்லாத வீட்டைப் பற்றிக் கேட்டேன். அம்மா தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசத் தொடங்கி இரவு வரை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை கப்பலுக்குக் கிளம்புவதற்கு முன்னும் அப்பா மோட்டார் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுவார். மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது, பிறகு எதைப் பார்ப்பது, எந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது என்று வரிசையாக எழுதியிருப்பார். அம்மா அந்தத் தாளை வைத்தே மோட்டாரைத் தானே கழற்றி மாட்டப் பழகியிருக்கிறார். அடுத்த விடுமுறையில் வந்த அப்பா, அந்தத் தாளில் அம்மா தானாகச் சேர்த்திருந்த குறிப்பைப் படித்துவிட்டு, தன் தாளைக் கிழித்துவிட்டு அம்மா சொல்லச் சொல்ல புதிதாக எழுதியிருக்கிறார். கடைசியாக ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை நாங்கள் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறோம், யார் சொல்லி யார் எழுதியது என்று கேட்டதில்லை. அந்தத் தாளைப் படமாகவே ஒரு முழுப் பக்கத்துக்குப் போடுகிறோம். "பொறுப்பானவர்" என்று இருந்த பத்தியை எடுத்துவிட்டேன்.

மலர் இப்போது இரண்டு பேரைப் பற்றியதாக மாறிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கடிதமும் அதற்கு அம்மாவின் பதிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் வருகின்றன. வரைபடம் பின்னிணைப்பில் வருகிறது. தம்பி அதில் அப்பா வீட்டில் இருந்த மாதங்களையும் வேறு நிறத்தில் காட்டியிருக்கிறான்.

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. ஒன்று, அம்மா சில கடிதங்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, இவை அச்சுக்கு வேண்டாம் என்கிறார். ஸ்கேன் மட்டுமாவது செய்து வைக்கலாமா என்று தங்கை கேட்கிறாள். மற்றொன்று, சி.டி.சி.யில் இருக்கும் கப்பல் பெயர்களில் சிலவற்றின் முத்திரை அழிந்து படிக்க முடியவில்லை.

கரையில்_இருப்பவள்:

முதல் கேள்விக்கு: அம்மா வேண்டாம் என்றால் ஸ்கேனும் வேண்டாம். அவை அவருக்கு வந்த கடிதங்கள். பிற்பாடு என்ன செய்வது என்பதையும் அவரே சொல்லட்டும், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரஅறை:

இரண்டாவது கேள்விக்கு: லாய்ட்ஸ் கப்பல் பதிவேடு 1764 முதல் வெளிவருவது, அதன் பழைய தொகுதிகளில் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடலாம். கப்பல் விற்கப்படும்போது பெயரும் கொடியும் மாறிவிடும் என்பதால், ஒரே கப்பல் இரண்டு பெயரில் வந்து தங்களைக் குழப்பக்கூடும். 1987க்குப் பிறகு நடைமுறைக்கு வந்த ஐ.எம்.ஓ. (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண் கிடைத்தால் அந்தக் குழப்பம் தீரும். பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் கப்பலை உடைக்கும் வரை மாறாது. அழிந்த முத்திரைகளை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் படம் எடுத்து இங்கே இடுங்கள். தந்தையாரின் பெயரும் சி.டி.சி. எண்ணும் உள்ள பகுதியை மட்டும் மறைத்துவிடுங்கள். மோட்டார் தாளில் உள்ள தொழில்நுட்பச் சொற்களை அச்சுக்கோர்ப்பவர் "திருத்திவிடாமல்" பார்த்துக்கொள்ள வேண்டும், ஆகவே அந்தப் பக்கத்தின் மெய்ப்பையும் சேர்த்து அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.